தலை நிற்கும் பருவமும் களப்பணியாளர் கடமையும்

பிறந்த கன்று சில நாழிகைக்குள் எழுந்து நின்று தாயின் மடியைத் தேடுகிறது. கோழிக்குஞ்சு ஓட்டை உடைத்து வெளிவந்த சிறிது நேரத்தில் தானே நடக்கிறது. மனிதக் குழவியோ தன் தலையைத் தானே தாங்கிக்கொள்வதற்கு மூன்று நான்கு திங்கள் ஆகின்றன. உட்காருதல், தவழ்தல், எழுந்து நிற்றல், நடத்தல், எழுதுகோல் பிடித்தல் ஆகிய பின்னைய திறன்கள் யாவும் இந்த முதல் திறனின் மீது எழுவனவாகும். தலை நிலைபெறாத குழந்தையின் பார்வையும் நிலைபெறாது. பார்வை நிலைபெறாத கை, பொருளை எட்டிப் பிடிக்கப் பழகுவதும் அரிது.

மக்கள் மொழிகள் இதன் சிறப்பை நன்கு உணர்ந்திருக்கின்றன. தமிழ்நாட்டுத் தாய்மார் 'குழந்தைக்குத் தலை நின்றுவிட்டது' என்று மகிழ்வுடன் கூறுவர். புனே நகரத்து மராத்தியத் தாய்மார், குழந்தை கழுத்தைப் 'பிடித்துக்கொண்டது' என்னும் பொருள்பட உரைப்பர். பிள்ளைத்தமிழ் இலக்கணம் வகுத்தோர் ஐந்தாந் திங்களுக்குரியதாகச் செங்கீரைப் பருவத்தை அமைத்தனர். ஒரு காலை மடக்கி, மற்றொரு காலை நீட்டி, இரு கைகளையும் தரையில் ஊன்றித் தலையை நிமிர்த்திக் குழந்தை அசைந்தாடும் நிலையே அது. இக்காலத்துக் குழந்தை மருத்துவர் ஐந்தாந் திங்களில் எதிர்பார்க்கும் கழுத்து வலிமையும் தோள் வலிமையும் அவ்வொரு தோற்றத்தில் அடங்கியிருக்கின்றன.

இவ்வளவு தெளிவாக அறியப்பட்ட ஒன்றில் களப்பணியாளருக்குப் புதிதாக என்ன கடமை இருக்கிறது என்று வினவலாம். இரண்டு வழக்கங்கள் மாறவேண்டியிருக்கின்றன என்பதே விடை. தலை நிற்பது காலம் வந்தால் தானாகவே நிகழும் என்று காத்திருப்பது ஒன்று. 'குழந்தைக்குத் தலை நின்றதா?' என்று தாயைக் கேட்டு, அவர் கூறியதைப் பதிவேட்டில் எழுதிக்கொண்டு அடுத்த வீட்டிற்குச் செல்வது மற்றொன்று. முதலாவது குழந்தைக்கு வேண்டிய வாய்ப்பைக் குறைக்கிறது. இரண்டாவது, குறை இருப்பின் அதனைக் கண்டுகொள்ளும் காலத்தைக் கடத்திவிடுகிறது.

கழுத்து வலுப்பெறும் முறை

பிறந்த குழவியின் தலை அதன் உடல் நீளத்தில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு. வளர்ந்த மனிதருக்கு அது எட்டில் ஒரு பங்கை ஒட்டியதே. இத்துணைப் பெரிய சுமையைத் தாங்குவதற்குப் பிடரித் தசைகளும் கழுத்தின் முன்புறத் தசைகளும் ஒருங்கே வலுப்பெறல் வேண்டும். தசைகளின் மீது மூளையின் ஆட்சி தலையிலிருந்து கீழ்நோக்கிப் பரவுகிறது. முதலில் கழுத்து, பின்னர் தோள், பின்னர் முதுகு, இடுப்பு, கால்கள் என்பதே முறை.

குப்புறக் கிடத்தப்பட்ட குழந்தை முதல் திங்களில் முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொள்ளும். மோவாயை ஒரு கணம் உயர்த்தும். இரண்டாந் திங்களில் தலையைச் சற்றே தூக்கிச் சில விநாடிகள் நிறுத்தும். மூன்றாந் திங்களில் முன்னங்கைகளை ஊன்றி மார்பையும் தூக்கி நேரே நோக்கும். நான்காந் திங்களின் முடிவிற்குள், தோளில் சாய்த்தோ மடியில் அமர்த்தியோ வைக்கும்போது பெரும்பாலான குழந்தைகளின் தலை ஆடாமல் நிற்கும்.

இவ்வளர்ச்சிக்கு நரம்பு முதிர்ச்சி வேண்டும் என்பது மெய்யே. எனினும், பயன்படுத்தப்படாத தசை வலுப்பெறாது. குழந்தை தலையைத் தூக்குவதற்குக் காரணம் ஒன்றும் வேண்டும். பிறந்த குழவிக்கு ஒரு சாண் முதல் ஒன்றரைச் சாண் தொலைவிலுள்ள பொருளே நன்கு புலப்படும். அத்தொலைவில் தாயின் முகத்தைக் கண்டும் குரலைக் கேட்டும் அதனை நோக்கவே குழந்தை முயல்கிறது. ஆகவே இப்பயிற்சிக்கு வேண்டிய கருவிகள் கடைகளில் விற்கப்படுவன அல்ல. விரித்த பாயும் பேசுகின்ற ஒரு முகமும் போதும்.

புனே தரும் பாடம்

இவ்வகையில் புனே நகரம் குறிப்பிடத்தக்க அறிவுச் செல்வத்தைச் சேர்த்துத் தந்திருக்கிறது. அங்குள்ள கே.ஈ.எம். மருத்துவமனையைச் சேர்ந்த டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் அவர்தம் குழுவினரும் 1993இல் நகரைச் சூழ்ந்த ஆறு கிராமங்களில் தாய்மார் ஊட்டம் பற்றிய நெடுங்கால ஆய்வைத் தொடங்கினர். அக்கிராமங்களில் பிறந்த குழந்தைகளின் சராசரி எடை ஏறக்குறைய 2.7 கிலோ. ஒப்பிடப்பட்ட இங்கிலாந்தின் சவுதாம்ப்டன் நகரக் குழந்தைகளின் எடையோ ஏறக்குறைய 3.5 கிலோ. 2003இல் வெளிவந்த அவ்வாய்வின் முடிவில் வியப்புக்குரிய செய்தி ஒன்று காணப்பட்டது. புனேக் குழந்தைகளின் தோலடிக் கொழுப்பு அவ்வளவாகக் குறையவில்லை. தசைப் பகுதியே மிகுதியும் குறைந்திருந்தது. நீரிழிவு நோயின் தோற்றுவாயை அறிவதற்கென எழுந்த ஆய்வு அது. கழுத்து வலிமையை அது அளக்கவில்லை. எனினும், கிராமப்புறக் குழந்தைகள் பலர் குறைந்த தசையுடனேயே வாழ்வைத் தொடங்குகின்றனர் என்பதைக் களப்பணியாளர் மனத்தில் இருத்துதல் நன்று. கொழுகொழுவென்ற கன்னத்தைக் கண்டு உடல் வலிமையை முடிவு செய்தல் ஆகாது.

அதே மருத்துவமனையில் டாக்டர் சுதா சௌதரியும் டாக்டர் ஆனந்த் பண்டிட்டும் அவர்களுடன் பணிபுரிந்தோரும் மேற்கொண்ட மற்றோர் ஆய்வு ஆசிரியர்களுக்கு நேரே பயன்படுவது. 2000 கிராமுக்குக் குறைந்த எடையுடன் 1980ஆம் ஆண்டுகளின் இறுதியில் பிறந்த குழந்தைகளை அவர்கள் பதினெட்டு வயது வரை தொடர்ந்து கவனித்தனர். இவ்வளவு நீண்ட காலம் ஒரே குழந்தைகளைப் பின்தொடர்ந்த ஆய்வுகள் இந்தியாவில் மிகச் சிலவே. பன்னிரண்டு வயதில் அக்குழந்தைகளின் சராசரி அறிவுத்திறன் இயல்பு எல்லைக்குள்ளேயே இருந்தது. ஆயினும், நிறை எடையுடன் பிறந்தவர்களைக் காட்டிலும் அது சற்றுக் குறைவு. கண்ணும் கையும் இசைந்து செயற்படுவதிலும், எழுத்திலும், கணக்கிலும் பலருக்கு இடர்ப்பாடு காணப்பட்டது. காலம் நிறையுமுன், அக்காலத்துக்குரிய எடையும் இல்லாமல் பிறந்தோரே மிகவும் பின்தங்கியிருந்தனர்.

சிசுப் பருவத்தில் கழுத்துப் பயிற்சி அளித்திருந்தால் இக்குறைகள் நேர்ந்திரா என்று கூறுவதற்கில்லை. ஆய்வு அவ்வாறு உரைக்கவும் இல்லை. எடை குறைந்து பிறந்த குழந்தையை முதல் திங்களிலிருந்தே கண்காணித்தல் வேண்டும் என்பதும், அக்கண்காணிப்பு பள்ளிப் பருவத்திலும் தொடர வேண்டும் என்பதுமே அதனால் பெறப்படும் பாடமாகும். ஆறாம் வகுப்பில் கோணல்மாணலாக எழுதும் மாணவனைச் சோம்பேறி என்று கடிந்துகொள்ளுமுன், அவன் எந்த எடையுடன் பிறந்தான், எத்தனையாவது திங்களில் அவனுக்குத் தலை நின்றது என்று பெற்றோரை வினவும் ஆசிரியர், அவனுக்குப் பெரும் நன்மை செய்தவராவார்.

குறைந்துவரும் வாய்ப்பு

முற்காலத்தில் இப்பயிற்சி வீட்டு வழக்கத்திலேயே அடங்கியிருந்தது. அனுபவமிக்க மூதாட்டி கால்களை நீட்டி அமர்ந்து, குழந்தையைத் தன் கால்களின் மீது குப்புறக் கிடத்தி, எண்ணெய் தேய்த்து நீராட்டுவார். தமிழ்நாட்டிலும் மராத்திய நாட்டிலும் இம்முறை ஒன்றே. அந்நேரத்தில் குழந்தை பலமுறை தலையைத் தூக்கித் தூக்கித் தாழ்த்தும். குழந்தை முதன்முறை குப்புற விழுந்த நாளில் கொழுக்கட்டை செய்து அண்டை அயலார்க்கு வழங்கும் வழக்கமும் சில தமிழ் வீடுகளில் உண்டு. இன்று மூதாட்டி ஓரூரிலும் மகள் வேறூரிலும் வாழ்கின்றனர். பிளாஸ்டிக் தொட்டியில் மல்லாந்த நிலையிலேயே குளிப்பாட்டப்படும் குழந்தைக்கு அந்தச் சில நிமிடங்களும் கிட்டுவதில்லை.

உறக்கத்தைப் பற்றிய அறிவுரையும் இங்குக் கருதத்தக்கது. குப்புறப் படுத்து உறங்கும் சிசுக்களுக்குத் திடீர் மரணம் நேரும் அபாயம் மிகுதி என்று கண்டறியப்பட்டபின், மல்லாக்கக் கிடத்தியே உறங்கவைத்தல் வேண்டும் என்னும் இயக்கம் அமெரிக்காவில் 1994இல் தொடங்கப்பட்டது. அதன்பின் அத்தகைய மரணங்கள் பெரிதும் குறைந்தன. அவ்வறிவுரை இன்றும் மாறாதது. ஆனால் அதனைப் பாதியளவே கேட்ட பெற்றோர் சிலர், விழித்திருக்கும்போதும் குழந்தையைக் குப்புறக் கிடத்த அஞ்சுகின்றனர். உறங்குவது மல்லாந்து, விளையாடுவது குப்புற, பெரியவர் அருகிலிருக்க. இவ்விரண்டையும் ஒரே மூச்சில் கூறுதல் களப்பணியாளர் வழக்கமாதல் வேண்டும்.

உழைக்கும் மக்களிடையே காரணம் வேறு. கரும்பு வெட்டும் பருவத்தில் பீட் முதலிய மாவட்டங்களிலிருந்து புனே மாவட்டத்துக்கும் மேற்கு மகாராஷ்டிரத்தின் பிற மாவட்டங்களுக்கும் குடும்பம் குடும்பமாகத் தொழிலாளர் வருகின்றனர். வயல் ஓரத்திலும் கட்டட வேலை நடக்கும் இடத்திலும் சேலையால் கட்டிய தூளியே குழந்தைக்கு இல்லம். பாம்பு, நாய், தூசி, வெயில் ஆகியவற்றிலிருந்து குழந்தையைக் காப்பது அத்தூளியே. அதனைக் குறைகூறுதல் தகாது. ஆனால் தூளியில் கிடக்கும் குழந்தையின் முதுகு வளைந்து, தலை துணியில் புதைந்திருக்கும். நாள் முழுதும் அவ்வாறே கிடந்தால் கழுத்துக்கு வேலையே இராது. பாலூட்ட வரும் வேளைதோறும் ஐந்து நிமிடம் தாயின் மார்பிலோ மடியிலோ குப்புறக் கிடத்தினால் தாய்க்கு வேலைநாள் குறையாது. குழந்தைக்கும் வாய்ப்புக் கிட்டும். கட்டடத் தொழிலாளர் குழந்தைகளுக்கென 1969இல் டெல்லியில் தோன்றிய மொபைல் கிரெஷ் இயக்கத்தின் வழியில் புனேயிலும் குழந்தைக் காப்பகங்கள் நடைபெறுகின்றன. அத்தகைய இடங்களில் குழந்தைகளை விரிப்பில் விட்டு வளர்த்தல் எளிது.

செய்யத்தக்கனவும் தகாதனவும்

உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட நெறிமுறையின்படி, இன்னும் நகரத் தொடங்காத குழந்தை விழித்திருக்கும் நேரத்தில், நாளொன்றுக்கு மொத்தம் 30 நிமிடமாவது குப்புறக் கிடத்தல் நன்று. இதனை ஒரே தடவையில் நிறைவேற்ற வேண்டுவதில்லை. முதல் வாரங்களில் ஓரிரு நிமிடமாகத் தொடங்கி, குழந்தை அழாமல் பொறுக்கும் அளவுக்கு நீட்டித்துக்கொண்டு போகலாம்.

முதலில் தாயின் மார்பே தக்க இடம். தாய் சாய்ந்து அமர்ந்து குழந்தையைத் தன் மார்பின் மீது குப்புறக் கிடத்திப் பேசினால், முகத்தைக் காண அது தலையைத் தூக்கும். அடுத்த நிலையில், தரையில் பாய் விரித்து, மடித்த துணியை மார்பின் கீழ் வைத்து, கைகள் முன்னே வருமாறு கிடத்துதல் வேண்டும். தாயோ தந்தையோ உடன்பிறந்தாரோ எதிரே தரையில் முகம் தாழ்த்திப் பேசுதல் வேண்டும். மூன்றாந் திங்களில் கிலுகிலுப்பையை இடமும் வலமுமாக மெல்ல அசைத்தால் கழுத்து இருபுறமும் திரும்பப் பழகும். பால் குடித்தவுடன் கிடத்தினால் கக்கிவிடும். உறக்கம் வரும்போது கிடத்தினால் அழும். வயிறு சற்று இறங்கிய, முகம் தெளிந்த வேளையே உகந்தது. குப்புறக் கிடக்கும் குழந்தை உறங்கிவிட்டால் உடனே மல்லாக்கத் திருப்புதல் வேண்டும்.

தகாதன சில உள. இரு கைகளையும் பற்றிக் குழந்தையை வெடுக்கெனத் தூக்குதல், கழுத்தைச் சொடுக்குதல், தலைகீழாகப் பிடித்து ஆட்டுதல், காதிலும் மூக்கிலும் எண்ணெய் விடுதல் ஆகியவற்றால் தீங்கன்றி நன்மையில்லை. கழுத்தில் காற்றடைத்த வளையம் பூட்டிக் குழந்தையைத் தண்ணீரில் மிதக்கவிடும் வழக்கம் நகரங்களில் பரவிவருகிறது. இவ்வளையங்கள் உயிருக்கு ஆபத்தானவை என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2022இல் எச்சரித்திருக்கிறது. குழந்தையை உள்ளே அமர்த்தி உருட்டும் சக்கரச் சட்டத்தைக் கனடா 2004இல் தடைசெய்துவிட்டது. நம் முன்னோர் தந்த மர நடைவண்டி வேறு. அதனை நிற்கத் தெரிந்த குழந்தை தானே தள்ளிச் செல்கிறது. கைபேசித் திரையைக் காட்டித் தலையைத் தூக்கவைப்பதும் வேண்டாம். திரை குழந்தைக்கு மறுமொழி கூறுவதில்லை.

கேட்டதும் கண்டதும்

இனி, பதிவேட்டைப் பற்றிக் கூறுதல் வேண்டும். தாயின் சொல்லில் பொய் இல்லை. ஆனால் 'தலை நின்றது' என்பதற்கு ஒவ்வொருவர் கொள்ளும் பொருளும் வேறு. தோளில் சாய்த்திருக்கும்போது ஒரு கணம் நிமிர்ந்ததை ஒருவர் குறிப்பர். மடியில் அமர்த்தி நெடுநேரம் ஆடாமல் இருந்ததை மற்றொருவர் குறிப்பர். பணியாளரே பாயை விரித்து, குழந்தையைக் கிடத்தி, இரண்டு நிமிடம் கண்ணால் காணுதல் ஒன்றே நம்பத்தக்க முறை. அதில் மற்றொரு பயனும் உண்டு. சோதனையும் பயிற்சியும் இங்கு ஒரே செயலாகின்றன. பணியாளர் காணும்போது தாயும் காண்கிறார். நாளை அவரே செய்வார்.

அதற்கு நேரம் எங்கே என்னும் மறுப்பு எழக்கூடும். அங்கன்வாடி ஊழியர்க்கும் ஆஷா பணியாளர்க்கும் வேலை மிகுதி என்பது உண்மையே. ஆனால் இதற்கெனத் தனியே வீடு தேடிச் செல்ல வேண்டுவதில்லை. தடுப்பூசிக்காகக் குழந்தை 6, 10, 14 ஆகிய வாரங்களில் கொண்டுவரப்படுகிறது. வீடுதேடிச் செல்லும் திட்டத்தின்படி ஆஷா பணியாளர் மூன்றாந் திங்களிலும் ஆறாந் திங்களிலும் வருகிறார். கழுத்து வலுப்பெறும் காலமும் இவ்வேளைகளும் பொருந்தியிருக்கின்றன. ஊசி போடுவதற்கு முன், காத்திருக்கும் நேரத்தில் பாயில் கிடத்திக் காணலாம். ஊசி போட்டபின் அழும் குழந்தையிடம் ஒன்றும் காண இயலாது.

காணும்போது இரண்டு செய்திகள் நினைவிலிருத்தல் வேண்டும். முதலாவது, குழந்தைக்குக் குழந்தை காலம் வேறுபடும். இந்தியா உள்ளிட்ட ஐந்து நாடுகளில் நடத்திய ஆய்வை உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்டது. அதன்படி நலமுள்ள குழந்தைகள் 3.8 திங்கள் முதல் 9.2 திங்கள் வரையில் எப்போது வேண்டுமாயினும் பிடியின்றி உட்காரத் தொடங்கலாம், 8.2 முதல் 17.6 திங்களுக்குள் எப்போது வேண்டுமாயினும் தனியே நடக்கத் தொடங்கலாம். நூற்றுக்கு ஏறக்குறைய நால்வர் கைகளையும் முழந்தாளையும் ஊன்றித் தவழாமலேயே நடந்துவிட்டனர். எனவே அண்டை வீட்டுக் குழந்தையோடு ஒப்பிட்டுத் தாயை அச்சுறுத்துதல் கூடாது. இரண்டாவது, காலம் நிறையுமுன் பிறந்த குழந்தைக்கு வயதைத் திருத்திக் கணக்கிடல் வேண்டும். 32 வாரத்தில் பிறந்த குழந்தை 8 வாரம் முந்திப் பிறந்ததாகும். அதற்கு நான்கு திங்கள் நிறையும்போது, இரண்டு திங்கள் குழந்தையிடம் எதிர்பார்ப்பதையே எதிர்பார்த்தல் வேண்டும்.

திருத்திய வயதில் நான்கு திங்கள் முடிந்தும் தலை ஆடிக்கொண்டே இருத்தல். உடல் துணிபோல் துவளுதல் அல்லது மரம்போல் விறைத்தல். கைகளை எப்போதும் இறுக மூடியிருத்தல். முகத்தை ஒரே பக்கம் திருப்பியிருத்தல். முன்பு செய்ததை இப்போது செய்யாதிருத்தல் ஆகியவற்றுள் ஒன்று காணப்படினும் காலம் தாழ்த்தலாகாது. 2013இல் தொடங்கப்பட்ட தேசியக் குழந்தை நலத் திட்டமான ராஷ்ட்ரீய பால் ஸ்வாஸ்தய காரியக்ரமத்தின் கீழ் மாவட்டந்தோறும் தொடக்கநிலை இடையீட்டு மையம் அமைப்பதற்கு வழிசெய்யப்பட்டுள்ளது. குழந்தையை அங்கு அனுப்புதல் களப்பணியாளர் கடமை. நோயின் பெயரைக் கூறுவது அவர் வேலையன்று. 'மருத்துவர் ஒருமுறை பார்த்துவிடட்டும், அம்மா. நானும் உடன் வருகிறேன்' என்னும் சொல்லே போதும். 'கொஞ்ச நாள் பார்க்கலாம்' என்று கூறி அனுப்பிவிடுதல் ஒன்றே தவிர்க்கத்தக்கது.

ஆசிரியர்க்கும் இப்பணியில் இடமுண்டு. பல வீடுகளில் சிசுவை இடுப்பில் சுமப்பவர் ஏழாம் வகுப்பிலோ எட்டாம் வகுப்பிலோ பயிலும் அக்காள். உடல்நலப் பாடத்தில் தசைகளைப் பற்றிக் கற்பிக்கும் நாளில், சிசுவின் கழுத்தைத் தாங்கித் தூக்கும் முறையையும், பாயில் கிடத்தி விளையாடும் முறையையும் ஒரு துணிப் பொம்மையைக் கொண்டே காட்டிவிடலாம். அப்பாடம் மாலையில் பல வீடுகளுக்குச் சென்றுசேரும்.

இறுதியாக ஒன்று. மத்திய மகளிர் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் பிறப்பு முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளின் வளர்ச்சித் தூண்டலுக்கென 'நவசேதனா' என்னும் வழிகாட்டியை 2024இல் வெளியிட்டிருக்கிறது. கள ஊழியரின் வேலை எடை நிறுப்பதோடு முடிவதில்லை என்று அதனால் உறுதிப்பட்டுள்ளது. அவ்வேலை மெய்யாக நிகழ்வதற்குச் சிறியதொரு மாற்றம் உதவும். குழந்தையின் வளர்ச்சியைக் குறிக்கும் பதிவேட்டில் 'ஆம்', 'இல்லை' என்னும் இரண்டு கட்டங்களுக்கு அருகே 'கேட்டது', 'கண்டது' என்னும் வேறு இரண்டு கட்டங்களையும் சேர்த்தல் வேண்டும். மேலதிகாரிகளின் ஆணை வரும்வரை காத்திராமல், பணியாளர் தம் குறிப்பேட்டிலேயே இன்று முதல் அக்கோட்டை வரைந்துகொள்ளலாம். 'கண்டது' என்னும் கட்டத்தில் ஒரு குறி விழ வேண்டுமாயின் எங்கேனும் ஒரு பாய் விரிக்கப்பட்டிருக்க வேண்டும். ஒரு குழந்தை அதில் தலையைத் தூக்க முயன்றிருக்க வேண்டும்.